தொட்டியை ஆழமாகத் தோண்டினால் எண்ணெய் பிரியாது

லாரி, பஸ், கார் கழுவும் வாட்டர் சர்வீஸ் பட்டறைகளில் எண்ணெய் பிரிக்கும் தொட்டி ஏறக்குறைய ஒரே அச்சில் இருக்கும். மூன்று அறை, இடையில் இரண்டு தடுப்புச் சுவர், மேலே சிமெண்ட் பலகை. முதல் அறையில் மணல் படியும், இரண்டாவதில் எண்ணெய் மிதக்கும், மூன்றாவதிலிருந்து தெளிந்த தண்ணீர் வெளியே போகும் என்பது ஏற்பாடு. மூன்றாவது அறையின் பலகையைத் தூக்கிப் பார்த்தால் பெரும்பாலும் அரிசி களைந்த தண்ணீர் போலக் கலங்கி நிற்கும். மேலே எண்ணெய்ப் படலம் பெயருக்குத்தான் இருக்கும். லேப் ரிப்போர்ட்டில் மட்டும் 'ஆயில் அண்ட் கிரீஸ்' வரம்பைத் தாண்டி நிற்கும்.

அந்த வரம்பு என்ன என்று முதலில் சொல்லிவிடலாம். 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரப்படி ஆறு, ஏரி, வாய்க்காலில் விடும் தண்ணீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் வரை எண்ணெய் இருக்கலாம். பொதுச் சாக்கடைக்கு 20.

ரிப்போர்ட் தவறினால் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: தொட்டி போதவில்லை, இன்னும் நாலடி ஆழம் தோண்டு. நாலடி தோண்டிய பிறகும் ரிப்போர்ட் அப்படியே வரும். எண்ணெய் மேலே வருமா வராதா என்பதை, தொட்டிக்கு வந்து சேரும்போது துளி எந்த அளவில் இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. அந்த அளவு தொட்டிக்கு வெளியே, கழுவும் மேடையிலும் பம்பிலும் பைப்பிலும் முடிவாகிவிடுகிறது.

துளி பாதியானால் வேகம் கால்

தண்ணீருக்குள் ஒரு எண்ணெய்த் துளி எவ்வளவு வேகமாக மேலே ஏறும் என்பதற்கு ஸ்டோக்ஸ் என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளர் 1851இல் தந்த சூத்திரம் இன்றைக்கும் போதும். வேகம் மூன்றைப் பொறுத்தது: தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் உள்ள அடர்த்தி வித்தியாசம், தண்ணீரின் பாகுநிலை (நகர்வதைத் தடுக்கும் கெட்டித்தன்மை), துளியின் விட்டம். முதலாவது நேர்க் கணக்கு, இரண்டாவது தலைகீழ்க் கணக்கு. விட்டம் மட்டும் வர்க்கக் கணக்கு. துளியின் விட்டம் பாதியானால் ஏறும் வேகம் நாலில் ஒன்று. பத்தில் ஒன்றானால் வேகம் நூற்றில் ஒன்று.

பழைய இன்ஜின் ஆயிலின் அடர்த்தி தண்ணீரைவிடக் கன மீட்டருக்கு ஏறக்குறைய 120 கிலோ குறைவு என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரின் வெப்பநிலை 30 டிகிரி. ஒரு மீட்டர் உயரம் ஏறத் துளிகள் எடுத்துக்கொள்ளும் நேரம் இது (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு):

150 மைக்ரான் துளி: 9 நிமிடம்
60 மைக்ரான்: 56 நிமிடம்
20 மைக்ரான்: எட்டரை மணி நேரம்
10 மைக்ரான்: 34 மணி நேரம்
5 மைக்ரான்: ஐந்தரை நாளுக்கு மேல்

ஒரு மைக்ரானுக்குக் கணக்குப் போட்டால் நாலரை மாதத்துக்கு மேல் வரும். ஆனால் அது காகிதக் கணக்கு. வெயிலில் தொட்டியின் ஒரு பக்கம் சூடாகி உண்டாகும் மெல்லிய சுழற்சியே அந்தத் துளியை மேலும் கீழும் அலைத்துக்கொண்டிருக்கும். அது ஏறவே ஏறாது. பாக்கெட் பாலில் 'ஹோமோஜினைஸ்டு' என்று அச்சடித்திருப்பார்கள். கொழுப்புத் துளிகளை அழுத்தத்தில் உடைத்து ஓரிரு மைக்ரானுக்குக் கீழே கொண்டுவந்த பால் அது. காய்ச்சாமல் எத்தனை நேரம் வைத்தாலும் மேலே ஏடு திரளாது. பால் பண்ணை காசு செலவழித்துச் செய்கிற அதே வேலையைத்தான் பட்டறைகள் எண்ணெய்க்கு இலவசமாகச் செய்துகொண்டிருக்கின்றன.

ஊரும் கொஞ்சம் கணக்கில் வரும். 15 டிகிரியில் தண்ணீரின் பாகுநிலை 30 டிகிரியில் இருப்பதைவிட 40 சதவீதம் அதிகம். சென்னையில் ஒழுங்காக ஓடும் அதே தொட்டி ஊட்டிக் குளிரில் முக்கால் வேகத்துக்கும் கீழேதான் பிரிக்கும். ஃபர்னஸ் ஆயில் போல அடர்த்தி தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணெயானால் வேகம் மூன்றில் ஒன்றாகக் குறையலாம். ஆனால் இவையெல்லாம் ஒன்றரை மடங்கு, மூன்று மடங்கு சமாசாரம். துளி 150 மைக்ரானிலிருந்து 10 மைக்ரானுக்கு உடைந்தால் இழப்பு 225 மடங்கு.

ஆழத்தால் ஏன் லாபமில்லை? தொட்டி இரண்டு மடங்கு ஆழமானால் தண்ணீர் உள்ளே தங்கும் நேரம் இரண்டு மடங்காகும். துளி ஏற வேண்டிய தூரமும் இரண்டு மடங்காகும். ஒன்றை மற்றொன்று அடித்துவிடும். மண் படிவதைப் பற்றி ஆலன் ஹேசன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1904இலேயே எழுதிய விஷயம் இது. தலைகீழாகப் பிடித்தால் எண்ணெய்க்கும் அதேதான். மிஞ்சுவது தண்ணீர்ப் பரப்பின் சதுர மீட்டர் மட்டும். மணிக்கு வரும் கன மீட்டரைப் பரப்பால் வகுத்தால் ஒரு வேகம் கிடைக்கும். அந்த வேகத்தைவிட மெதுவாக ஏறும் துளிகளில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும்.

இரண்டு மேடை, இரண்டு பிரஷர் வாஷர், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 15 லிட்டர் என்றால் மணிக்கு ஏறக்குறைய 2 கன மீட்டர். 150 மைக்ரான் துளியைப் பிடிக்க இதற்கு 0.3 சதுர மீட்டர் பரப்பு போதும். 60 மைக்ரானுக்கு 1.9 சதுர மீட்டர். 20 மைக்ரானுக்கு 17. பத்து மைக்ரானுக்கு 68 சதுர மீட்டர். அது தொட்டி இல்லை, ஒரு சின்ன வீட்டின் தரைப்பரப்பு. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் இருக்கும் நீண்ட ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) வகைத் தொட்டிகளை 150 மைக்ரான் துளியை வைத்து வடிவமைத்ததற்கும் இதுவே காரணம். அதற்குக் கீழே போனால் இடம் கட்டுப்படியாகாது. அதைப் பார்த்து அதே மாதிரி சிறியதாகக் கட்டிவிட்டு, சோப்பு கலந்த தண்ணீரைப் பிரித்துக் கொடு என்று கேட்டால் அது பாவம் என்ன செய்யும்?

துளி எங்கே உடைகிறது

ஹின்ஸே என்ற டச்சுப் பொறியாளர் 1955இல் இதற்கு ஒரு கணக்கு போட்டுக் கொடுத்தார். கலங்கி ஓடும் தண்ணீரில் உடையாமல் தாக்குப்பிடிக்கும் மிகப்பெரிய துளியின் அளவை இரண்டு விஷயம் நிர்ணயிக்கிறது: தண்ணீரை எவ்வளவு மூர்க்கமாகக் கலக்குகிறோம் என்பது ஒன்று; எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் பரப்பின் இழுவிசை மற்றொன்று. அந்த இழுவிசைதான் துளியை உருண்டையாகப் பிடித்து வைத்திருக்கும் தோல். சோப்பு போட்டு அந்தத் தோலைப் பத்தில் ஒன்றாக மெலிய வைத்தால், அதே கலக்கலில் நிற்கும் துளி நாலில் ஒன்றாகச் சிறுக்கும். அதாவது ஏறும் வேகம் பதினாறில் ஒன்று. இதில் பம்பும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

பெரும்பாலான பட்டறைகளில் குற்றவாளி சப்மெர்சிபிள் பம்ப்தான். கழுவிய தண்ணீர் ஒரு சம்ப்பில் விழும். அங்கிருந்து நிமிடத்துக்கு 2,900 சுற்றில் ஓடும் பம்ப் அதை அடித்துத் தொட்டிக்கு ஏற்றும். ஒரு 150 மைக்ரான் துளி 20 மைக்ரான் துளிகளாக உடைந்தால் 422 துளி. எண்ணெயின் அளவு அப்படியேதான். தொட்டிக்கு மட்டும் அவை கண்ணில் படாது. பம்ப் வேறொரு கெடுதலும் செய்கிறது. மிதவை ஸ்விட்சில் ஓடுவதால் சராசரி 2 கன மீட்டர் என்றாலும், ஓடும் பத்து நிமிடத்துக்கு மணிக்கு 10, 12 கன மீட்டர் வேகத்தில் தள்ளும். தொட்டிக்குத் தெரிவது அந்த 12தான்.

ஆகவே பம்ப்பைத் தொட்டிக்குப் பின்னால் வையுங்கள். கழுவும் மேடையிலிருந்து எண்ணெய்த் தொட்டி வரைக்கும் தண்ணீர் சரிவில் தானாக ஓடி வரட்டும். தரை மட்டம் ஒத்துவராமல் ஏற்றியே ஆக வேண்டும் என்றால் மெதுவாகச் சுற்றும் ஸ்குரூ பம்ப், அல்லது காற்றில் ஓடும் டயாஃப்ரம் பம்ப். விலை அதிகம்தான். ஆனால் பின்னால் பொடித் துளிகளைத் திரட்டப் போடும் படிகாரத்துக்கும் கசடு அள்ளுவதற்கும் மாதா மாதம் கொடுக்கும் காசோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பம்ப் அதிகம் தள்ளுகிறது என்று டெலிவரி வால்வைத் திருகிக் குறைப்பது இன்னும் மோசம். பாதி மூடிய வால்வு அருமையான துளி உடைக்கும் கருவி.

அடுத்தது பைப். தொட்டிக்குள் தண்ணீர் இரண்டடி உயரத்திலிருந்து கொட்டினால் மிதந்துகொண்டிருக்கும் எண்ணெயையும் அது உள்ளே அடித்துக் கலக்கிவிடும். வரும் பைப் நீர்மட்டத்துக்குக் கீழே முடிய வேண்டும். 50 மி.மீ. பைப்பில் 2 கன மீட்டர் ஓடினால் வேகம் நொடிக்கு 28 செ.மீ.; ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழமுள்ள தொட்டிக்குள் அது அரை மில்லிமீட்டர் சொச்சமாகக் குறைய வேண்டும். ஐந்நூறு மடங்கு குறைவு. அது தானாக நடக்காது. நேராகப் பாய்ந்து எதிர்ச் சுவரில் முட்டும். பைப் முனையில் T வடிவ இணைப்பு ('டீ') ஒன்று போட்டு இரண்டு பக்கமும் பிரித்துவிட்டு, அதன் முன்னால் துளையிட்ட ஒரு தடுப்புப் பலகை வைத்தால் போதும்.

சோப்பு விஷயத்தில் பட்டறைக்காரர்களோடு சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. கிரீஸ் போகவில்லை என்றால் லாரிக்காரர் காசு கொடுக்க மாட்டார். செய்யக்கூடியது இரண்டு உண்டு. சேஸிஸுக்கு டீசல் அடித்து, அதன் மேலேயே சோப்பு போட்டு, அதன் மேல் 100 பார் ஜெட் அடிப்பது வழக்கம். எண்ணெயைப் பால்மமாக்க (பால் போலப் பிரியாத கலவையாக்க) இதைவிடச் சிறந்த வரிசையை யோசித்துக்கூடச் செய்ய முடியாது. கெட்டி கிரீஸை முதலில் கரண்டியால் சுரண்டி டப்பாவில் போட்டுவிட்டால் டீசல் தேவை பாதியாகும். இரண்டாவது, கலக்காமல் நிற்க விட்டால் எண்ணெயைச் சீக்கிரம் கைவிடும் வகைச் சோப்பு சந்தையில் கிடைக்கிறது. வாங்கும் முன் பாட்டிலில் சோதியுங்கள்: அரை பாட்டில் தண்ணீர், வழக்கமான அளவு சோப்பு, ஒரு ஸ்பூன் பழைய ஆயில், ஒரு நிமிடம் குலுக்கல். அரை மணி நேரத்தில் அடியில் தண்ணீர் தெளிந்தால் வாங்கலாம். பால் மாதிரியே நின்றால் விற்பவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

லேத் பட்டறை பக்கத்திலேயே இருந்தால் கட்டிங் ஆயில் கலந்த வெள்ளைத் தண்ணீரை ஒருபோதும் இந்த வாய்க்காலில் விடக் கூடாது. அது பிரியாமல் இருப்பதற்கென்றே தயாரித்தது. 5 சதவீதக் கலவை 200 லிட்டரில் 10 லிட்டர் எண்ணெய் இருக்கிறது. அதை 20,000 லிட்டர் கழுவு தண்ணீரில் கலந்தாலும் லிட்டருக்கு 440 மி.கி. வரும். அதை டிரம்மில் தனியாகப் பிடித்துவையுங்கள்.

மண்ணையும் மறக்க வேண்டாம். எண்ணெய் பூசிய நுண்மண் துளியைச் சுற்றி ஓடு போல ஒட்டிக்கொண்டு, இரண்டு துளிகள் சேர விடாமல் தடுக்கும். மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் நடுவில் தொங்கும் கறுப்புச் சளி அதுதான். மணல் குழி தனியாக, முதலாவதாக இருக்க வேண்டும் என்பது இதற்காக. கப்பல்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2005 ஜனவரி 1 முதல் கப்பலில் பொருத்தும் பில்ஜ் தண்ணீர் (கப்பலின் அடியில் தேங்கும் எண்ணெய்த் தண்ணீர்) பிரிப்பான்களுக்கான சோதனைத் திரவம் ஒன்றில் எண்ணெயோடு, ஏறக்குறைய ஒரு கிலோ கலவைக்கு அரை கிராம் சோப்பு வேதிப்பொருளும் 1.7 கிராம் நுண்ணிய இரும்பு ஆக்சைடுத் தூளும் சேர்க்கிறார்கள். சுத்தமான எண்ணெயையும் தண்ணீரையும் பிரித்துக் காட்டுவது பெரிய வித்தை இல்லை என்பதால்தான்.

மைக்ராஸ்கோப் இல்லாமல் அளப்பது

லேசர் கருவி எல்லாம் வேண்டாம். விருந்துகளில் வைக்கும், அடியில் குழாய் வைத்த 5 லிட்டர் கண்ணாடி ஜூஸ் ஜாடி நாலு போதும். பிளாஸ்டிக் வேண்டாம், சுவரில் எண்ணெய் ஒட்டும். தொட்டிக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில், நல்ல வேலை நேரத்தில், நான்கையும் ஒரே சமயத்தில் நிரப்புங்கள். குழாயிலிருந்து நீர்மட்டம் வரை 20 செ.மீ. இருக்கட்டும். முதல் ஜாடியிலிருந்து உடனே, இரண்டாவதிலிருந்து அரை மணியில், மூன்றாவதிலிருந்து 2 மணியில், நாலாவதிலிருந்து 24 மணியில் தண்ணீர் பிடித்து லேபுக்கு அனுப்புங்கள். ஜாடியை அசைக்காமல், முதலில் வரும் கொஞ்சத்தை விட்டுவிட்டு.

கணக்கு எளிது. அரை மணியில் 20 செ.மீ. ஏறிய துளி 37 மைக்ரானுக்கு மேற்பட்டது. 2 மணிக்குப் பிறகும் அடியில் மிஞ்சியிருப்பது 18 மைக்ரானுக்குக் கீழே. 24 மணிக்குப் பிறகும் மிஞ்சியிருப்பது 5 மைக்ரான் சொச்சத்துக்குக் கீழே. டீசல் அதிகமென்றால் அது லேசானது என்பதால் இந்த எண்கள் கொஞ்சம் குறையும்.

அரை மணி ஜாடியிலேயே லேப் காட்டும் எண்ணெய் அளவு கடகடவென்று இறங்கிவிட்டால் துளி நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு தொட்டியின் அமைப்பில், பெரும்பாலும் பைப் பாய்ச்சலில் அல்லது அள்ளாமல் விட்ட எண்ணெயில். அரை மணியில் அசையாமல் 2 மணியிலும் 24 மணியிலும் இறங்கினால் தொட்டிக்குள் சாய்வுத் தகடு வைத்தால் தீரும்; அதைக் கீழே சொல்கிறேன். 24 மணிக்குப் பிறகும் பாதிக்கு மேல் நின்றால் தொட்டிக்கு இனி ஒரு செங்கல் கூட வாங்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. லேபுக்குப் போகும் பாட்டிலில் பி.எச். 2க்குக் கீழே வரும்படி அமிலம் சேர்ப்பது முறை. பிடித்த பிறகு அந்தப் பாட்டிலில்தான் சேர்க்க வேண்டும். ஜாடியில் சேர்த்தால் அமிலமே பால்மத்தை உடைத்து, தண்ணீர் அருமையாகப் பிரிவதாகக் காட்டிவிடும்.

மைக்ராஸ்கோப்பே வைத்திருப்பவர்கள் துளிகளின் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம். எண்ணெயின் அளவு விட்டத்தின் கன அளவில் போகிறது. 10 மைக்ரான் துளி ஆயிரம் சேர்ந்தால்தான் ஒரு 100 மைக்ரான் துளியில் இருக்கும் எண்ணெய். திரை முழுக்கப் பொடித் துளியாகத் தெரிந்தாலும் எண்ணெயில் பெரும்பகுதி ஓரத்தில் கிடக்கும் நாலைந்து பெரிய துளிகளில் இருக்கலாம்.

தகடும் படிகாரமும்

தகட்டின் வேலை ஏறும் தூரத்தைக் குறைப்பது. பாலிபுரொப்பிலீன் தகடுகளைச் சாய்வாக அடுக்கி, துளி மேலே ஏற வேண்டிய இடைவெளியை 12 மி.மீ. ஆக்கினால் 20 மைக்ரான் துளி 6 நிமிடத்தில் மேல் தகட்டின் அடிப்பக்கத்தைத் தொட்டுவிடும். அங்கே ஒட்டி, பக்கத்துத் துளியோடு சேர்ந்து பெருத்து, சாய்வில் ஊர்ந்து மேலே வரும்போது மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும். சாய்வு 45 டிகிரிக்குக் குறையக் கூடாது. குறைந்தால் மண் வழுக்கி விழாமல் தகட்டிலேயே உட்காரும். லாரிச் சேறு வரும் இடத்தில் 6 மி.மீ. இடைவெளித் தகடு வாங்கினால் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். 20 மி.மீ.க்குக் குறையாமல் எடுத்து, தகட்டின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

மழைத் தண்ணீரைத் திருப்பிவிடாமல் தகடு வைப்பதில் அர்த்தமில்லை. 200 சதுர மீட்டர் கூரையில் மணிக்கு 50 மி.மீ. மழை பெய்தால் 10 கன மீட்டர். இரண்டு சதுர மீட்டர் தொட்டி சாதாரண நாளில் 58 மைக்ரான் வரை பிடிக்கும். அந்த மழையில் 143 மைக்ரான் வரைதான். அதோடு ஒரு மாதமாக மேலே சேர்த்து வைத்த எண்ணெயையும் சேர்த்து வெளியே தள்ளிவிடும்.

24 மணி ஜாடியில் எண்ணெய் நின்றுவிட்ட தண்ணீருக்கு மருந்து போடத்தான் வேண்டும். பொடித் துளிகளின் மேல் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். படிகாரம் அந்த மின்னூட்டத்தைத் தணித்துத் துளிகளைத் திரளாகச் சேர்க்கிறது. அளவு கண்டுபிடிக்க 10 கிராம் படிகாரத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். இதில் 10 மில்லியை ஒரு லிட்டர் கழிவுநீரில் விட்டால் 100 மி.கி. அளவு. ஐந்து பீக்கரில் 10, 20, 30, 40, 50 மில்லி விட்டு, பி.எச். 6க்கும் 7.5க்கும் இடையில் நிற்கும்படி சுண்ணாம்பு சேர்த்து, ஒரு நிமிடம் வேகமாகவும் பிறகு 10, 15 நிமிடம் மிக மெதுவாகவும் கலக்குங்கள். குறைந்த அளவில் எது தெளிகிறதோ அதுதான் உங்கள் அளவு. திரளைப் பெரிதாக்கப் பாலிமர் லிட்டருக்கு ஒன்றிரண்டு மி.கி. போதும். அதிகம் போட்டால் வழவழவென்று தொட்டிச் சுவரெல்லாம் பிடித்துக்கொள்ளும்.

திரண்டதை மேலே தூக்கக் காற்றுக் குமிழி முறை உண்டு. 4 முதல் 6 பார் அழுத்தத்தில் காற்றைக் கரைத்த தண்ணீரைத் திறந்துவிட்டால் 30 முதல் 100 மைக்ரான் குமிழிகள் பிறந்து திரளோடு ஒட்டி ஏறும். மீன் தொட்டிக் கல்லில் வரும் மில்லிமீட்டர் குமிழி இதற்கு உதவாது. திரளைக் கிழித்துக்கொண்டு போய்விடும். மருந்து போட்ட பிறகு எக்காரணத்தைக் கொண்டும் சென்ட்ரிஃப்யூகல் பம்ப்பில் ஏற்றாதீர்கள். பதினைந்து நிமிடம் பொறுமையாகக் கட்டிய திரள் ஒரு நொடியில் உதிர்ந்துவிடும்.

மருந்து எப்போதும் தொட்டிக்கும் தகட்டுக்கும் பிறகுதான். முன்னாலேயே போட்டால், தானாக மிதந்து வந்து அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கு விற்றிருக்கக்கூடிய எண்ணெய் படிகாரச் சேறாகிவிடும். பிறகு அதை எடுத்துப்போக நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும்.

தகடுகளைக் கழுவும் நாளில் ஒரு தவறு சாதாரணமாக நடக்கும். அடைத்துக்கொண்டது என்றதும் பையன் பிரஷர் வாஷரை எடுத்து வந்து, தகட்டைத் தொட்டிக்குள் வைத்தபடியே ஜெட் அடிப்பான். ஒரு மாத எண்ணெய் ஐந்து நிமிடத்தில் பாலாகி வெளியே போகும். முதலில் மேலே உள்ள எண்ணெயை முழுக்க அள்ளிவிட்டு, தகட்டு அடுக்கைச் சங்கிலியில் தூக்கி, மணல் குழியின் மேல் வைத்துச் சாதாரண ஹோஸ் தண்ணீரில், சோப்பில்லாமல் கழுவுங்கள்.